மீட்டர் காணாத நீலம்

பிரிக்பீல்ட்ஸில் விஜயனின் போட்டோ ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விஜயனைத் தேடி வருவதில்லை. "பூமணியக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள். கல்யாணத்துக்கு நிச்சயமான பெண்கள் முகத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பவுடர் அப்பிக்கொண்டு வந்து உட்காருவார்கள். "கறுப்பா விழுந்துடுமோக்கா?" என்று பயப்படுவார்கள். "முதல்ல போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. மத்ததை லைட் பார்த்துக்கும்" என்பாள் பூமணி. அவர்கள் கழுவிவிட்டு வருவார்கள். படத்தைப் பார்த்த பிறகு யாரும் குறை சொன்னதில்லை.

ரயில்வேயில் எழுத்தராக இருந்த கந்தையாவின் கடைசி மகள் அவள். அண்ணன்மார் இருவரும் அரசாங்க உத்தியோகம். அவள் மட்டும் படிப்பு முடிந்த கையோடு கேமராவைத் தூக்கியபோது, யாழ்ப்பாண வழிச் சொந்தங்கள் ஒரு வருஷம் அதைப் பற்றியே பேசினார்கள். அதெல்லாம் பழைய கதை. 1992-இல் அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அதே சொந்தங்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் பூமணிக்கு அன்று வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். படம் பிடிப்பதும் அவளே, பின்னால் இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவி எடுப்பதும் அவளே. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லைட் மீட்டர் எப்போதும் தொங்கும். உள்ளங்கைக்குள் அடங்கி வெளிச்சத்தை அளக்கும் அந்தக் கருவியின் முள் காட்டுவதுதான் அவளுக்கு வேதவாக்கு. பதினாறு வருஷத்தில் அது அவளை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

அந்த ஜூலையில் கிள்ளானிலிருந்து சோலையப்பன் கூப்பிட்டார். அவருக்கு அங்கே நகைக்கடை. வருஷாவருஷம் தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்கு ஒரு காலண்டர் கொடுப்பார். அதற்கு நகைகளைப் படம் பிடிக்க வேண்டும். பூமணி கேமராவையும் அதன் முக்காலியையும் விளக்குகளையும் தூக்கிக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினாள்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடித் தொட்டி. நான்கடி நீளம். தங்கச் சங்கிலிகள் தொங்கும் அலமாரியை ஒட்டி வைத்திருந்தது. உள்ளே கடல் தண்ணீர், சில பாறைகள், அவற்றின் மேல் உயிருள்ள பவளம் இரண்டு. ஒன்று விரல்களைப் போலக் கிளை விட்டிருந்தது. இன்னொன்று ஒரு சின்னத் தேங்காயளவு உருண்டை, மேலே முழுக்க வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். தொட்டிக்கு மேலே நகை அலமாரிகளுக்குப் போடுகிற மஞ்சள் ஹாலஜன் விளக்குகள் நான்கு எரிந்தன.

"என்ன செட்டியாரே, தொட்டிக்குள்ள கல்யாணமா? இவ்வளவு மஞ்சளா லைட் போட்டிருக்கீங்க?"

"பவளம் செக்கச்செவேல்னு தெரியணும்லா" என்றார் சோலையப்பன். "வெள்ளை லைட் போட்டா மாட்டு மூளை மாதிரி இருக்கு."

"அதுக்குப் பேரே மூளைப்பவளம்தானே?"

"பேர் வச்சுட்டா மூளையாவே இருக்கணுமா? நான் விக்கிறது பவள மோதிரம். உயிரோட இருக்கிற பவளத்தைப் பார்க்க வர்றவங்க சிவப்பைத்தானே எதிர்பார்ப்பாங்க?"

செவ்வாய் தோஷத்துக்குப் பவளம் பதித்த மோதிரம் போடச் சொல்லி ஜோசியர்கள் அனுப்புகிற பெண்கள் அந்தக் கடைக்கு நிறைய வருவார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் தொட்டி. ஆனால் வைத்து நான்கு மாதத்தில் பவளம் இரண்டும் சுருங்கிவிட்டன. பாறையெல்லாம் செங்கறுப்பாக ஒரு வழவழப்பு படர்ந்திருந்தது.

வெள்ளிப் பாத்திரங்களும் கொலுசுகளும் இருக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருந்த மெய்யம்மை அங்கிருந்தபடியே சொன்னார். சோலையப்பனின் மனைவி அவர். கடையில் எல்லாரும் அவரை 'ஆச்சி' என்றே கூப்பிடுவார்கள்.

"தீபாவளி வரைக்கும்தான் பார்ப்பேன். பவளம் விக்கிற கடையில பவளம் செத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்? தேறலைன்னா தூக்கிப் போட்டுட்டுத் தங்க மீன் விட்டுடுவேன்."

பூமணி தொட்டியின் முன்னால் குனிந்து நின்றாள். மூளைப்பவளத்தின் விளிம்பில் சதை இன்னும் உயிரோடுதான் இருந்தது.

"தீபாவளி எதுக்கு ஆச்சி? ஒரு மாசம் போதும். லைட்டை என்கிட்ட விடுங்க."

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கடலுக்குள் எடுத்த கலர்ப் படங்களை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாமே நீலமாகத்தான் விழும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை, அப்புறம் மஞ்சளை. ஆழத்தில் மிஞ்சுவது நீலம்தான். நீலத்தில் வளர்ந்த உயிருக்கு மஞ்சள் விளக்கைப் போட்டால் எப்படிப் பிழைக்கும்?

மறுநாள் செந்தூலுக்குப் போனாள். அங்கே ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் ஜெயராஜ், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கடல்மீன் தொட்டிகள் வைத்திருந்தான். சாயங்காலம் வேலை விட்டு வந்து வியாபாரம். அவனுடைய தொட்டி ஒன்றில் இந்தோனேசியாவிலிருந்து வந்த பவளங்கள் கொழுத்துக் கிடந்தன.

"அக்கா, முதல்ல ஒண்ணு சொல்றேன். உங்க செட்டியார் மோதிரத்துல வைக்கிற சிவப்புப் பவளம் வேற ஜாதி. அது ஆழத்துல, இருட்டுல இருக்கும். அதுக்கு லைட்டே வேணாம். தொட்டியில இருக்கிறது இன்னொரு ஜாதி. இதோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்தை வச்சு அந்தப் பாசிதான் சமைக்குது, பவளம் உட்கார்ந்து சாப்பிடுது."

"அந்தப் பாசிக்கு நீலம் வேணும். சரியா?"

"கெட்டிக்காரங்கதான் நீங்க. வெள்ளை டியூப்போட இந்த நீல டியூப்பைச் சேர்த்துப் போடுங்க. ஆனா மெதுவா ஏத்தணும். திடீர்னு நிறைய வெளிச்சம் பட்டா பவளம் அந்தப் பாசியைத் துப்பிடும். அப்புறம் பட்டினிதான்."

"எவ்வளவு ஏத்தணும்னு நீ எப்படிக் கணக்குப் பார்க்கிறே?"

"கண்ணாலதான். வேற எப்படி?"

பூமணி கழுத்தில் தொங்கிய மீட்டரைத் தூக்கிக் காட்டினாள். "எனக்குக் கண்ணு வேணாம். இது இருக்கு."

"மீட்டரே சொல்லுதுன்னா நான் யாரு?" என்று சிரித்தான் ஜெயராஜ்.

கிள்ளானில் அவள் மிகக் கவனமாகத்தான் வேலை செய்தாள். பழைய மஞ்சள் வெளிச்சத்தை முதலில் அளந்தாள். முள் ஒன்பதில் நின்றது. திடீரென்று அதிகமாக்கக் கூடாதல்லவா, அதனால் புதிய விளக்குகளும் அதே ஒன்பதில் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். ஹாலஜன்களைக் கழற்றி வெள்ளை டியூப் இரண்டு போட்டாள். முள் ஏழுக்கு வந்தது. நீல டியூப் இரண்டைச் சேர்த்தாள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. இன்னும் இரண்டு நீல டியூப். லேசாக நகர்ந்தது. டியூப்கள் பொருத்திய பலகையைத் தண்ணீருக்கு நான்கு விரல் உயரத்துக்கு இறக்கினாள். முள் சரியாக ஒன்பதுக்கு வந்து நின்றது. திருப்தியாக வீட்டுக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் ஸ்டூடியோவுக்கு டெலிபோன் வந்தது.

"பூமணி, நான் மெய்யம்மை பேசுறேன். உங்க லைட் ரொம்ப நல்லா வேலை செய்யுது. வண்ணான் வெளுத்த மாதிரி வெளுத்துக் கொடுத்திருக்கு."

அவள் போய்ப் பார்த்தபோது விரல்பவளத்தின் சதை உரிந்து தண்ணீரில் இழையிழையாக மிதந்துகொண்டிருந்தது. அது போய்விட்டது. மூளைப்பவளம் எலும்பாட்டம் வெள்ளை. கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணாடி போன்ற மெல்லிய சதை அதன் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குடியிருந்த பாசி மட்டும் இல்லை.

பூமணி எல்லா டியூப்களையும் அணைத்து, ஒரே ஒரு வெள்ளை டியூப்பை மட்டும் விட்டு, வெளிச்சம் இன்னும் குறைய அதன் கீழே ஸ்டூடியோவில் பயன்படுத்தும் மெழுகுத்தாளைக் கட்டினாள். பிறகு திரும்பி இருவரையும் பார்த்தாள்.

"இது என் தப்பு. லைட்டைத் தப்பாப் போட்டுட்டேன்."

"மீட்டர் வச்சுத்தானே போட்டீங்க?" என்றார் சோலையப்பன்.

"மீட்டரும் தப்பு. ஏன்னு இன்னும் தெரியலை. கண்டுபிடிச்சுடுவேன்."

"வெள்ளையாத்தானே இருக்கு. முத்துன்னு சொல்லி வித்துடலாமா?" என்றார் மெய்யம்மை. ஆனால் அவர் தங்க மீனைப் பற்றி அன்றைக்குப் பேசவில்லை. தப்பை உடனே ஒத்துக்கொள்கிற ஆளை அவர் வியாபாரத்தில் அதிகம் பார்த்ததில்லை.

செத்தது ஒன்று. மற்றதும் போனால் இரண்டையும் கொன்றது தன் கைதான் என்பது பூமணிக்கு நன்றாகத் தெரிந்தது. அதை நினைத்து மாய்ந்துபோகவில்லை. மாய்ந்தால் பாசி திரும்பி வராது. மீட்டர் ஏன் பொய் சொன்னது என்பதுதான் இப்போது கேள்வி.

விடை மறுநாள் காலை இருட்டறையில் கிடைத்தது. வழக்கம்போலச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு போட்டோ பேப்பர் கட்டைப் பிரித்தாள். அந்தச் சிவப்பில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. தட்டுகள், இடுக்கி, சுவரில் காலண்டர், தன் கைரேகைகூட. ஆனால் கையிலிருந்த பேப்பருக்கு எதுவுமே தெரியாது. சிவப்பு விளக்கில் அது குருடு, அதனால்தான் கெடுவதில்லை. அதே பேப்பர்மேல் நீல வெளிச்சம் கொஞ்சம் பட்டால் போதும், கறுத்துவிடும்.

பேப்பரை மூடி வைத்துவிட்டுக் கழுத்தில் தொங்கிய மீட்டரைக் கையில் எடுத்தாள்.

மீட்டரைச் செய்தவன் அதை மனிதக் கண்ணைப் போலப் பார்க்கும்படி செய்திருக்கிறான். மஞ்சளும் பச்சையும் அதற்கு நன்றாகத் தெரியும். அந்த ஆழ்ந்த நீலம் தெரியாது. கல்யாணப் படத்துக்கு அது போதும், ஏனென்றால் படத்தைப் பார்க்கப்போவதும் மனிதக் கண்தான். பவளத்துக்குள் இருக்கும் பாசியோ இந்தப் பேப்பரின் கட்சி. முள் அசையவில்லை என்று அவள் நீலத்தை அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறாள். நாலு மாதம் பட்டினி கிடந்ததன் தலையில் ஒரே நாளில் விருந்தைக் கவிழ்த்துவிட்டாள்.

"அண்ணே!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "பழைய போட்டோ பேப்பர் கட்டு ஒண்ணு எனக்கு வேணும்."

"எதுக்கு?" என்றார் விஜயன் வெளியிலிருந்து.

"பவளத்துக்கு மீட்டர் செய்யப் போறேன்."

"கல்யாண வீட்டுக்காரங்க வெளியில காத்திருக்காங்க. முதல்ல அவங்களைப் பாருங்க தாயே."

அவள் செய்த மீட்டர் இதுதான். போட்டோ பேப்பரை மருந்தில் கழுவாமல் சும்மா வெளிச்சத்தில் வைத்தால், அது சில நிமிஷங்களில் மெல்ல ஊதாவாக மாறும். நீலம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் மாறும். விரலகலத் துண்டுகளாக நறுக்கி, பிலிம் சுருள் வருகிற, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு கூழாங்கல்லோடு போட்டு, நூலில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் பழைய ஊதா ரவிக்கையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். பேப்பர் ரவிக்கை நிறத்துக்கு வர எத்தனை நிமிஷம் ஆகிறதென்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

முதலில் செந்தூலுக்குப் போய், ஜெயராஜின் கொழுத்த பவளங்களுக்குப் பக்கத்தில் டப்பாவை இறக்கினாள்.

"என்னக்கா இது, தூண்டிலா?"

"பேசாம மணியைப் பாரு."

பதினோரு நிமிஷம். மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் பதினொன்றுதான். பிறகு கிள்ளானுக்குப் போய், முதல் நாள் பொருத்திய மாதிரியே எல்லா டியூப்களையும் ஏற்றிப் பார்த்தாள், பவளத்தை மட்டும் கறுப்புத் துணி போட்டு மூடிவிட்டு. இரண்டே நிமிஷத்தில் பேப்பர் ஊதாவாகிவிட்டது. பழைய மஞ்சள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். ஒரு மணி நேரமாகியும் பேப்பர் வெளிறிய மஞ்சளிலேயே இருந்தது. மீட்டரைப் பிடித்தாள். இரண்டுக்கும் முள் ஒன்பதிலேயே நின்றது. சோலையப்பனை அழைத்து இரண்டு பேப்பர் துண்டுகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வாரம் பேப்பர் ஊதாவாக நாற்பது நிமிஷம் ஆகணும்" என்றாள் பூமணி. நீல டியூப் ஒன்றை மட்டும் விட்டுப் பலகையை உயரத் தூக்கிக் கட்டினாள். "வாரத்துக்குக் கொஞ்சமா இறக்கணும். நாற்பது, முப்பது, இருபதுன்னு வந்து பதினொண்ணுல நிறுத்தணும். தினமும் யாராவது டப்பாவை இறக்கிப் பார்த்து எனக்குப் போன் பண்ணணும்."

"எனக்கு நேரமில்லை" என்றார் சோலையப்பன்.

"நான் பார்க்கிறேன்" என்றார் மெய்யம்மை.

பாசி திரும்பி வரும்வரை பவளத்துக்குக் கையால் ஊட்ட வேண்டும் என்று ஜெயராஜ் சொல்லியிருந்தான். பொடியாக நறுக்கிய இறாலை இடுக்கியால் பள்ளத்தில் வைக்க வேண்டும்.

"செவ்வாயும் வெள்ளியும் கடைக்குள்ள கவுச்சி கூடாது" என்றார் மெய்யம்மை கண்டிப்பாக.

"திங்களும் வியாழனும் சாப்பிடட்டும் ஆச்சி. அது ஒண்ணும் சொல்லாது."

அதன்படியே நடந்தது. மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வாரம், வெள்ளையின் மேல் தேநீர்க் கறை பட்டாற்போலப் பள்ளங்களின் அடியில் லேசான பழுப்பு. மெய்யம்மை பூதக்கண்ணாடியால் பார்த்தார், கல் பார்க்கும் அதே கண்ணாடி. "வந்துடுச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடையிலிருந்த ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

செப்டம்பர் நடுவில் நீல டியூப் மூன்று எரிந்தது. பேப்பர் பதினைந்து நிமிஷத்துக்கு வந்திருந்தது. அப்போதுதான் வேறு வழியில் சிக்கல் வந்தது. சங்கிலி பார்க்க வந்த ஓர் அம்மாள் அலமாரியில் தொங்கியதை எடுத்துக் கையில் வைத்துப் புரட்டினார்.

"என்ன பாஸ், இது நிஜத் தங்கமா? பச்சையடிக்குதே."

தொட்டியின் நீல வெளிச்சம் பக்கத்து அலமாரியில் வழிந்து, தங்கம் முழுவதையும் வெளிற வைத்திருந்தது. சோலையப்பன் அந்த அம்மாளை வாசல்வரை அழைத்துப் போய் வெயிலில் காட்டி விற்றுவிட்டார். ஆனால் சாயங்காலமே பூமணிக்குப் போன் பறந்தது. மறுநாள் அவள் வந்து நின்றபோது பழைய ஹாலஜன் விளக்குகள் மேஜைமேல் தயாராக இருந்தன.

"இது நகைக்கடை" என்றார் அவர். "தீபாவளி வியாபாரம் தலைக்கு மேல நிக்குது. அதான் பவளம் தேறிடுச்சே? நீலத்தைக் கழற்றிட்டு மஞ்சளைப் போடுங்க."

"போட்டா பத்து நாள்ல பழையபடி ஆயிடும் செட்டியாரே. இப்பத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கு."

"அப்ப என் தங்கம்?"

பூமணி நேரே வெள்ளிக் கவுண்டருக்குப் போனாள். மெய்யம்மையிடம் கேட்டு ஒரு தட்டு நிறையக் கொலுசுகளை வாங்கி வந்து தொட்டியின் பக்கத்தில் வைத்தாள். மஞ்சள் விளக்கின் கீழ் பழுப்பேறினாற்போல மந்தமாக இருந்த வெள்ளி, அந்த நீல வெளிச்சத்தில் பளீரென்று நின்றது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது.

"தங்கத்துக்கு மஞ்சள் வேணும். வெள்ளிக்கு நீலம் வேணும். பவளத்துக்கும் நீலம் வேணும்" என்றாள். "தொட்டியைத் தப்பான இடத்துல வச்சிருக்கோம். அவ்வளவுதான்."

சோலையப்பன் வாயைத் திறப்பதற்குள் மெய்யம்மை எழுந்துவிட்டார்.

"இருபது வருஷமா என் பக்கம் ஒரு நல்ல லைட் போடச் சொல்றேன். எல்லாத்தையும் தங்கத்துக்கே போட்டீங்க. ஞாயித்துக்கிழமை கடை அடைப்புதானே? அன்னிக்கே தூக்குங்க தொட்டியை."

ஞாயிறன்று ஜெயராஜும் வந்தான். தண்ணீரை வாளிகளில் இறைத்து, மூளைப்பவளத்தைத் தண்ணீரோடு ஒரு வாளியில் தாங்கி வைத்து, தொட்டியை வெள்ளிக் கவுண்டருக்கு நகர்த்தினார்கள். பூமணி விளக்குப் பலகையில் தங்க நகைகளை நோக்கிய பக்கத்தில் மட்டும் கறுப்பு அட்டையை மடக்கி மறைப்பு வைத்தாள். ஸ்டூடியோவில் ஒருவர்மேல் விழும் வெளிச்சம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்மேல் விழாமல் தடுக்க அவள் தினமும் செய்வதுதான். எல்லாம் முடிந்ததும் நான்காவது நீல டியூப்பையும் ஏற்றி, டப்பாவை இறக்கினாள். பதினொன்று.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு காலண்டருக்கான கடைசிப் படத்தை எடுக்க வந்தாள். மூளைப்பவளம் நன்றாகப் பழுப்பேறி, பள்ளங்கள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. விளிம்பைச் சுற்றி நூலளவு புதுச் சதை வளர்ந்திருந்தது.

"ஒரே ஒரு படம்" என்றார் சோலையப்பன் குழைவாக. "ஒரே நிமிஷம் மஞ்சள் லைட்டைப் போட்டு, சிவப்பா எடுத்துடலாமே?"

"ஒரு நிமிஷத்துல பவளத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நான் எடுக்கமாட்டேன்" என்றாள் பூமணி. "அது சிவப்பு இல்லை செட்டியாரே. அது எப்படி இருக்கோ அப்படித்தான் என் படத்துல விழும்."

பச்சைப் பவளத்தோடு காலண்டர் அச்சாகி வந்தது. வாங்கிப் போனவர்களில் சிலர் "இது என்ன கல்? மரகதமா?" என்று கேட்டார்கள். "அது விற்பனைக்கு இல்லை" என்று மெய்யம்மையே பதில் சொன்னார். அந்தத் தீபாவளிக்குக் கொலுசு எத்தனை ஜோடி அதிகமாக விற்றது என்று கணவரிடம் அவர் சொன்னது கடை முழுக்கக் கேட்டது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒருநாள் காலை ஸ்டூடியோ போன் அடித்தது.

"பூமணி, போன வாரம் பதினாலு நிமிஷம் ஆச்சு. இன்னிக்குப் பதினாறு. பேப்பர் கெட்டுப் போச்சா?"

"பேப்பர் சரியாத்தான் இருக்கும் ஆச்சி. நீல டியூப் பழசாயிடுச்சு, கண்ணுக்குத் தெரியாம நீலம் குறைஞ்சிருக்கு. நாலையும் மாத்துங்க. புது டியூப் முதல் நாள் கடுமையா இருக்கும், பலகையை ரெண்டு விரல் மேல தூக்கிக் கட்டிட்டு மாத்துங்க."

போனில் பின்னாலிருந்து சோலையப்பனின் குரல் கேட்டது. "எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே எரியுது! நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன்!"

"உங்க கண்ணை யார் கேட்டா?" என்றார் மெய்யம்மை அந்தப் பக்கம் திரும்பி. பிறகு போனில், "இன்னிக்கே மாத்திடறேன். அதோட இன்னொரு கட்டுப் பேப்பர் நறுக்கி அனுப்புங்க" என்றார்.